உருளைக்கிழங்கைக் காக்கும் மண் பாக்டீரியா: ஓர் எளிய அறிமுகம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து உருளைக்கிழங்கு வயல்களில் 1950களில் ஒரு விநோதம் கண்ணில் பட்டது. புதிதாக உருளை போட்ட நிலங்களில் கிழங்குத் தோல் முழுக்கச் சொறி. ஆண்டுக்கணக்கில் அதே கிழங்கைப் போட்டுவந்த பழைய நிலங்களிலோ சொறி குறைவு. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் நோய் கூடும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம்? இங்கே தலைகீழாக இருந்தது.

மென்சீஸ் என்ற ஆய்வாளர், பழைய நிலத்து மண்ணில் கொஞ்சம் எடுத்து நோய் வரும் மண்ணோடு கலந்து பார்த்தார். சொறி குறைந்தது. அதே பழைய மண்ணை ஆவியில் வேகவைத்துப் பார்த்தபோது அந்தக் குணம் போய்விட்டிருந்தது. 1959இல் இதை வெளியிட்டார். மண்ணில் இருக்கும் உப்போ சத்தோ காரணம் என்றால் ஆவி பட்டதும் அது காணாமல் போகாது. கொஞ்சமாகக் கலந்தாலே பெரிய மண்ணுக்கும் அந்தக் குணம் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. ஆவியில் சாகக்கூடியது, இடம் மாற்றினால் பெருகக்கூடியது என்றால் அது உயிருள்ள ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

அது யார், எப்படி வேலை செய்கிறது, அதைப் பொட்டலத்தில் அடைத்து நம் வயலில் போட்டால் பலன் வருமா என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசிக் கேள்விக்கு “வரும், ஆனால்…” என்றுதான் பதில் சொல்ல முடியும். அந்த “ஆனால்” புரியாததால்தான், கடையில் பொடியாக விற்கும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவை வாங்கிப் போட்ட பாதிப் பேர் “ஒன்றும் பிரயோசனம் இல்லை” என்கிறார்கள், மீதிப் பேர் “அற்புதம்” என்கிறார்கள்.

வேரைச் சுற்றி ஒரு தனி உலகம்

ஒரு கிராம் நல்ல மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும். அதில் பெரும்பாலானவை பயிருக்கு நல்லதும் செய்யாது, கெட்டதும் செய்யாது. பல அரைத் தூக்கத்தில் கிடக்கும், ஏனென்றால் சாதாரண மண்ணில் அவற்றுக்குத் தீனி குறைவு. வேரை ஒட்டிய சில மில்லிமீட்டர் மண்ணில் மட்டும் நிலைமை வேறு. செடி தான் தயாரிக்கும் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலம் இவற்றில் ஒரு பங்கை வேர் வழியாக வெளியே கசியவிடுகிறது. அதைத் தேடி வந்து கூடும் நுண்ணுயிர்கள் அங்கே அடர்ந்து பெருகுகின்றன. லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1904இலேயே இந்தப் பகுதிக்குத் தனிப்பெயர் வைத்தார். தமிழில் வேர்மண்டலம் என்கிறோம்.

உருளையில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாம் சாப்பிடும் கிழங்கு வேர் இல்லை. மண்ணுக்குள் ஓடும் தண்டின் நுனி பருத்து வருவதுதான் கிழங்கு. ஆகவே நமக்கு உதவும் பாக்டீரியா வேரில் மட்டும் இருந்தால் போதாது. அந்த ஓடுதண்டிலும், நாள்தோறும் பெருத்துக்கொண்டே இருக்கும் இளங்கிழங்கின் தோலிலும் போய்ச் சேர வேண்டும். தோல் விரிய விரியப் புதிய இடம் உண்டாகிறது. அந்த இடத்தை யார் முதலில் பிடிப்பது என்பதில் நோயின் கதி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

சொறி நோயை முதலில் பார்ப்போம்

உருளைக்கு வரும் மண்வழி நோய்களில் இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டது சொறி நோய்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

இதை உண்டாக்குவதும் பாக்டீரியாதான். பெயர் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஸ்கேபீஸ். பூஞ்சை மாதிரி இழை இழையாக வளரும். இளங்கிழங்கின் தோலில் மூச்சு விடுவதற்கென்று இருக்கும் நுண்துளைகள் வழியாக உள்ளே நுழையும். தாக்ஸ்டோமின் என்ற நச்சை விடும். செல் தன் சுவரைக் கட்டத் தேவையான செல்லுலோஸை உருவாக்கவிடாமல் அந்த நச்சு தடுக்கும். கிழங்கு தன்னைக் காத்துக்கொள்ளத் தக்கை போன்ற திசுவை அடுக்குகிறது. அதுதான் நாம் காணும் சொரசொரப்பான பழுப்புப் பொருக்கு. தோலைச் சீவிவிட்டால் சாப்பிடலாம், உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மண்டியில் விலை போகாது, சிப்ஸ் கம்பெனியும் விதைக்கு வாங்குபவரும் ஒதுக்கிவிடுவார்கள்.

வளர்ந்துகொண்டிருக்கும் திசுவை மட்டுமே இது தாக்கும். கிழங்கு உருவாகத் தொடங்கியதிலிருந்து முதல் சில வாரங்கள்தான் ஆபத்தான காலம். தோல் முற்றிவிட்டால் புதிதாகத் தொற்றாது. அந்தச் சில வாரங்களில் மண்ணைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருந்தால் சொறி குறையும் என்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுநாளாகத் தெரிந்த வழி. புளிப்பு மண்ணில் சொறி குறைவு என்பதும் அப்படித்தான். கார அமிலக் குறியீடு (pH) 5.2க்குக் கீழே இருந்தால் சாதாரணச் சொறி பெரும்பாலும் தலைகாட்டாது. நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு என்பதால் அங்கே இது முதன்மைத் தொல்லையாக இருப்பதில்லை. புளிப்பைக் குறைக்கச் சுண்ணாம்பை அள்ளிப் போடுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1920களில் கனடாவில் சான்ஃபோர்டும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மில்லார்ட், டெய்லர் இருவரும் பசுந்தாள் உரம் போட்ட மண்ணில் சொறி ஏன் குறைகிறது என்று யோசித்தார்கள். மட்கும் பச்சைத் தழையில் மற்ற நுண்ணுயிர்கள் பெருகிச் சொறிக் கிருமியை அமுக்கிவிடுகின்றன என்பது அவர்கள் சொன்ன விளக்கம். மில்லார்டும் டெய்லரும் ஒரு படி மேலே போய், கிருமி நீக்கிய மண்ணில் சொறிக் கிருமியையும் அதன் சாதுவான உறவுக்கார உயிரி ஒன்றையும் சேர்த்து வளர்த்துச் சொறி குறைவதைக் காட்டினார்கள். 1926, 1927இல் வெளிவந்த கட்டுரைகள் இவை. செடி நோயை இன்னொரு நுண்ணுயிரால் அடக்கலாம் என்ற எண்ணத்தின் தொடக்கப் பக்கங்களில் உருளைக்கிழங்குக்கு இப்படி ஓர் இடம் உண்டு.

அந்த உறவுக்காரக் கதை பின்னாலும் தொடர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் குடும்பத்தில் எல்லாரும் கெட்டவர்கள் இல்லை. காசநோய்க்கு முதலில் கிடைத்த நல்ல மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் இந்தக் குடும்பத்திலிருந்து 1943இல் கிடைத்ததுதான். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆண்டுக்கணக்கில் விடாமல் உருளை போட்டும் சொறி குறைந்துபோன ஒரு சோதனை நிலத்து மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, அங்கே நச்சை உண்டாக்காத, ஆனால் சொறிக் கிருமியைக் கொல்லும் பொருளை உண்டாக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ரகங்கள் கிடைத்தன. வாஷிங்டன் மாநிலத்து விநோதத்துக்கு இதையும் ஒரு விளக்கமாக எடுத்துக்கொள்ளலாம். உருளையே தொடர்ந்து போட்டால் முதலில் கிருமி பெருகும். அப்புறம் அந்தக் கிருமியோடு போட்டியிட்டு வாழத் தெரிந்தவையும் பெருகும். இடையில் பல ஆண்டுகள் நட்டம் தாங்க வேண்டும் என்பதால் இதை யாருக்கும் வழியாகச் சொல்ல முடியாது.

நல்ல பாக்டீரியா என்னதான் செய்கிறது?

கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு இனம். ஒன்று சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ், மற்றது பேசில்லஸ் சப்டிலிஸும் அதன் நெருங்கிய உறவுகளும். இவை நோயைத் தடுக்கும் வழிகள் நான்கு. ஒரே பாக்டீரியா பல வழிகளையும் ஒரே சமயத்தில் கையாளும்.

முதலாவது, இடம் பிடிப்பது. கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோம் இல்லையா, அந்த மாதிரி. வேரில் சர்க்கரை கசியும் மடிப்புகளையும் கிழங்குத் தோலின் நுண்துளைகளையும் நல்ல பாக்டீரியா முன்னதாகப் பிடித்துவிட்டால், பின்னால் வரும் கிருமிக்கு இடமும் குறைவு, தீனியும் குறைவு. கிருமி ஏற்கெனவே உட்கார்ந்தபின் துண்டு போட்டுப் பயனில்லை. உயிரியல் மருந்துகள் எல்லாமே நோய் வருமுன் போட வேண்டியவை என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது, இரும்பைத் தட்டிப் பறிப்பது. மண்ணில் இரும்பு நிறைய இருந்தாலும் துருப்பிடித்த நிலையில் கரையாமல் கிடக்கும். இரும்பு இல்லாமல் கிட்டத்தட்ட எந்தக் கிருமியும் வளராது. சூடோமோனாஸ், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளை வெளியே விட்டு, இரும்போடு திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது. புற ஊதா விளக்கின் கீழே இந்த பாக்டீரியாவை வளர்த்த தட்டு பச்சையும் மஞ்சளுமாய் ஒளிர்வது இந்தப் பொருளால்தான். ஃபுளோரசன்ஸ் என்ற பெயரும் அதனால் வந்தது.

இதை நிரூபித்த ஆய்வும் உருளைக்கிழங்கில் நடந்ததே. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஷ்ராத், க்ளோப்பர் குழுவினர் 1970களின் கடைசியில் விதைக்கிழங்குத் துண்டுகளைச் சூடோமோனாஸில் தோய்த்து நட்டு, விளைச்சல் கூடுவதைக் கண்டார்கள். காரணம் என்ன என்று தேடி, 1980இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். பாக்டீரியாவைப் போட்டால் செடி நன்றாக வளர்ந்தது. பாக்டீரியா இல்லாமல் அந்த இரும்பு கவ்வும் பொருளை மட்டும் பிரித்தெடுத்துப் போட்டாலும் வளர்ந்தது. கூடவே கரையும் இரும்பைச் சேர்த்துப் போட்டபோது பலன் போய்விட்டது. எல்லாருக்கும் இரும்பு தாராளமாகக் கிடைத்தால் பறிப்பதில் அர்த்தம் இல்லையே.

இதிலிருந்து நம் மலைப்பகுதிக்கு ஒரு கணக்கு போடலாம். புளிப்பு மண்ணில் இரும்பு ஓரளவு கரைந்தே இருக்கும். அதனால் நீலகிரி போன்ற இடங்களில் இந்த இரண்டாவது வழி, கார மண்ணில் செய்யும் அளவுக்கு வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாது. பொட்டலத்தில் அச்சடித்திருக்கும் பெருமைகளை வாசிக்கும்போது நம் மண்ணின் குணத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்றாவது, எதிரியை நேரடியாகத் தாக்கும் வேதிப்பொருள்கள். இங்கிலாந்தின் நார்விச்சில் உள்ள ஜான் இன்னஸ் மையத்தின் ஆய்வாளர்கள், வணிக ரீதியாக உருளை விளையும் ஒரே ஒரு வயலின் மண்ணிலிருந்து ஏராளமான சூடோமோனாஸ் ரகங்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றும் சொறிக் கிருமியை எவ்வளவு அடக்குகிறது என்று பார்த்தார்கள். அவற்றில் 69 ரகங்களின் மரபணுத் தொகுப்பை முழுதாக வாசித்தார்கள். 2021இல் வெளிவந்தது. நன்றாக அடக்கும் ரகங்களில் இரண்டு ஆயுதங்கள் முக்கியமாகத் தென்பட்டன: ஹைட்ரஜன் சயனைடு வாயு, அப்புறம் வளைய வடிவக் கொழுப்புப் புரதப் பொருள்கள். சயனைடு என்றதும் பதற வேண்டாம். ஒரு பாக்டீரியா தன்னைச் சுற்றி விடும் நுண்ணிய அளவு அது. இந்தக் கொழுப்புப் புரதங்கள் ஒருவகை சோப்பு மாதிரியானவை. எதிரியின் செல்சவ்வைக் குலைக்கும், ஈரப்பரப்பில் பாக்டீரியா வழுக்கிப் பரவவும் உதவும். பேசில்லஸும் இதே மாதிரிப் பொருள்களை விடுகிறது. இட்யூரின், சர்ஃபாக்டின், ஃபெஞ்சைசின் என்று அவற்றுக்குப் பெயர்.

அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது ஆயுதங்களைவிட இன்னொரு செய்தி. ஒரே வயலுக்குள், ஒரே இனப் பெயருக்குள், அத்தனை வேறுபாடு! ஒரு ரகம் கிருமியை ஓட ஓட விரட்டுகிறது, பக்கத்திலிருந்து எடுத்த இன்னொன்று சும்மா இருக்கிறது. தண்ணீர் பாய்ச்சிய பகுதியிலும் பாய்ச்சாத பகுதியிலும் சூடோமோனாஸ் கூட்டத்தின் சேர்க்கையே மாறியிருந்தது. பாசனம், பயிர், பட்டம் (பயிர்ப் பருவம்) எல்லாம் சேர்ந்து மண்ணில் யார் தங்குவது என்பதைத் தீர்மானிக்கின்றன.

நான்காவது வழி செடியையே உசுப்பிவிடுவது. வேரில் நல்ல பாக்டீரியா தொற்றியதைச் செடி உணர்ந்துகொண்டு, இலை வரை தன் பாதுகாப்பைத் தயார் நிலையில் வைக்கிறது. நோய்க் கிருமியும் பாக்டீரியாவும் நேரில் சந்திக்காவிட்டாலும் பலன் உண்டு. 1991 வாக்கில் பல பயிர்களில் இது உறுதியானது. உருளையிலும் இது உண்டு, ஆனால் இதை மட்டும் நம்பி இலை நோயை எதிர்கொள்ள முடியாது.

ஒரு லட்சம் என்ற வாசல்

வேதி மருந்துக்கு அளவு பாதியானால் பலன் ஓரளவு குறையும். பாக்டீரியாவில் கணக்கு வேறு. கோதுமை, முள்ளங்கி வேர்களில் செய்த ஆய்வுகளில், ஒரு கிராம் வேருக்குச் சுமார் ஒரு லட்சம் நல்ல சூடோமோனாஸ் இருந்தால்தான் நோய் குறைகிறது என்று தெரிந்தது. அதற்குக் கீழே போனால் பலன் கிட்டத்தட்ட இல்லை. நம் கையில் இருப்பது உயிருள்ள சரக்கு. வேருக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களோடு மல்லுக்கட்டி, இந்த எண்ணிக்கையைப் பிடித்து, பயிர்க்காலம் முழுக்கத் தக்கவைத்துக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் ஆய்வகத் தட்டில் பிரமாதமாகத் தெரியும் ரகம் வயலில் தோற்றுப்போகிறது. தட்டில் தீனி நிறைய, போட்டி இல்லை. வயலில் வெயில், வறட்சி, குளிர், தின்னவரும் நுண்விலங்குகள் எல்லாம் உண்டு. வெளியூர் ரகத்தைக் கொண்டுவந்து இறக்குவதைவிட, அந்தந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த நல்ல ரகத்தைக் கண்டுபிடித்துப் பெருக்கித் திரும்ப விடுவது மேல் என்று நான் நினைப்பது இதனால்தான். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஃப்.1 ரகம் பரவலாகப் புழங்குகிறது. ‘சூடோமோனாஸ்’ என்று பொதுவாகக் கேட்டு வாங்குவதைவிட ரகத்தின் பெயரைப் பார்த்து வாங்குவது நல்லது. ரகம் எது என்றே போடாத பொட்டலத்தை நான் வாங்கமாட்டேன்.

எந்த நோய்க்கு எவ்வளவு நம்பலாம்?

சொறி, கறுப்புப் பொருக்கு இரண்டுக்கும் ஓரளவு நம்பலாம். கறுப்புப் பொருக்கு என்பது கிழங்கின் மேல் கழுவினாலும் போகாத கரி அப்பியது போலத் தெரியும் நோய். ரைசோக்டோனியா என்ற பூஞ்சையால் வருவது. விதைக்கிழங்கோடு ஒட்டிக்கொண்டே வயலுக்கு வருவதால், விதையிலேயே பாக்டீரியாவைப் பூசி நடுவது பொருத்தமான வழி. முற்றாகப் போகாது, குறையும்.

வாடல் நோய் கடினம். ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா வேர்க்காயம் வழியாக நுழைந்து, செடி நீரை மேலேற்றும் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. பச்சையாக இருந்த செடி திடீரென்று தொங்கிவிடும். அதன் தண்டை அடியில் வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட்டால், சில நிமிடங்களில் வெள்ளை நூல் போலக் கசிவு இறங்கும். வயலில் நாமே செய்யக்கூடிய சோதனை இது. குழாய்க்குள் கிருமி போனபின் வேருக்கு வெளியே நிற்கும் சூடோமோனாஸ் ஒன்றும் செய்ய முடியாது. நுழைவதைக் குறைக்கலாம், அவ்வளவுதான். இந்த நோய்க்கு நோயற்ற விதைக்கிழங்கும், தக்காளி, கத்தரி, மிளகாய் போன்ற உறவுப் பயிர்கள் இல்லாத பயிர்ச்சுழற்சியும்தான் அடித்தளம். பாக்டீரியா அதற்கு மேல் ஒரு துணை. “வாடலை முற்றாகத் தடுக்கும்” என்று விற்பவரிடம் கொஞ்சம் தள்ளியே நிற்கலாம்.

பின்கருகல் நோய் இன்னும் கடினம். 1845 முதல் அயர்லாந்தில் சுமார் பத்து லட்சம் பேரைப் பஞ்சத்தில் கொன்ற நோய் இது. நீந்தும் வித்துகளால் ஈர இலையில் பரவும். சூடோமோனாஸின் கொழுப்புப் புரதம் பட்டால் அந்த வித்துகள் உடைந்து சிதறுவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். நார்விச் ஆய்வின் ரகங்கள் சிலவும் இந்தக் கிருமியை அடக்கின. ஆனால் இலைப்பரப்பு பாக்டீரியாவுக்குப் பாலைவனம். வெயிலில் காயும், மழையில் கழுவிப் போகும். மூடுபனியும் தூறலும் சேர்ந்தால் நோய் சில நாட்களில் வயலையே கருக்கிவிடும். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க இன்றைய உயிரி மருந்துகளால் முடியாது. எதிர்ப்பு ரகமும், வானிலை பார்த்து அடிக்கும் மருந்தும் இல்லாமல் மலையில் உருளை எடுப்பது கடினம்.

வேரைத் தாக்கும் நுண்புழுவான நூற்புழுவையும் சொல்லியாக வேண்டும். முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவில் முதலில் கண்டறியப்பட்டது நீலகிரியில், 1961இல். ஒரு கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும், உணவு இல்லாமலே பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு கிடக்கும். உதகை அருகே முத்தோரையிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இந்தச் சிக்கலோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறது. குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகங்கள் அதன் பலன். முட்டைகோஸ், கேரட் போன்றவற்றோடு சுழற்சி, எதிர்ப்பு ரகம் இவற்றோடு சூடோமோனாஸும் பரிந்துரையில் உண்டு. இங்கேயும் முதலிரண்டுதான் பெரிய வேலை செய்பவை.

போட்டுப் பார்க்க நினைத்தால்

முதலில் வாங்குவது. சூடோமோனாஸ் வித்து உண்டாக்காது. காய்ந்தாலோ சூடானாலோ செத்துவிடும். டால்க் பவுடரில் கலந்து விற்கிறார்கள், சில மாதங்கள் தாங்கும். இந்தியாவில் பதிவு பெற்ற சரக்கில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். தயாரித்த தேதியைப் பார்த்து வாங்கவும். வெயில் அடிக்கும் கடை முகப்பில் வாரக்கணக்கில் தொங்கிய பொட்டலத்தில் டால்க் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். பேசில்லஸ் கெட்டியான வித்தாக மாறிக்கொள்ளும் என்பதால் சூட்டையும் வறட்சியையும் அதிகம் தாங்கும். வெகுதூரம் கொண்டுபோக வேண்டியவர்களுக்கும் குளிர்பதன வசதி இல்லாதவர்களுக்கும் அது சௌகரியம். டிரைக்கோடெர்மாவையும் இதே அடுக்கில்தான் வைத்திருப்பார்கள். அது பூஞ்சை, வேறு ஆள்.

அடுத்தது அளவு. நெல், பயறு போன்றவற்றுக்குக் கிலோ விதைக்கு 10 கிராம் என்பது நமக்குப் பழகிய கணக்கு. எக்டருக்கு மூன்று டன் விதைக்கிழங்கு போகும் உருளைக்கு அதே கணக்கைப் போட்டால் 30 கிலோ ஆகிவிடும். அதனால் விதைக்கிழங்கைக் கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி நடுவதுதான் வசதி. கரைசலின் செறிவுக்கு அந்தந்தப் பொட்டலத்தில் உள்ளதைப் பின்பற்றவும். நிலத்தில் இடுவதற்கு எக்டருக்கு இரண்டரைக் கிலோவை 50 கிலோ மட்கிய தொழுவுரத்தில் கலந்து போடுவது பொதுவான பரிந்துரை. தொழுவுரம் சும்மா கனத்துக்காக இல்லை. பாக்டீரியாவுக்கு அதுதான் வழிச்சோறு. நடும்போது பாரிலும் (கிழங்கு நடும் மேட்டு வரிசையிலும்), மண் அணைக்கும்போது இன்னொரு தடவையும் இட்டால், கிழங்கு உருவாகும் நேரத்தில் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ளலாம். மண் ஈரமாக இருக்க வேண்டும். மாலையில் இடுவது நல்லது.

எதோடு சேர்க்கக்கூடாது? செம்பு கலந்த மருந்துகள், ஸ்ட்ரெப்டோமைசின் கலந்தவை இரண்டும் பாக்டீரியாவைக் கொல்லவே உண்டானவை. இன்று சூடோமோனாஸ், நாளை செம்பு மருந்து என்று விதைக்கிழங்கில் தோய்த்தால் இரண்டுக்கும் கொடுத்த காசு வீண். குளோரின் அடித்த குழாய்த் தண்ணீரில் கரைக்கவும் வேண்டாம். கிணற்றுத் தண்ணீரோ ஓடைத் தண்ணீரோ போதும். பொடியைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ளவும், டால்க் தூசு நுரையீரலுக்கு ஆகாது.

ஏற்கெனவே அழுகலோ வாடலோ தெரியும் விதைக்கிழங்கைப் பாக்டீரியாக் கரைசலில் முக்கினால், அந்த வாளியே நோயை எல்லாக் கிழங்குக்கும் பரப்பிவிடும். பொறுக்கி எடுத்த பிறகுதான் முக்க வேண்டும். விதையை வெட்டி நடுபவர்கள் வெட்டுவாய் உலர்ந்து தோல் பிடித்த பிறகு முக்கவும், ஒவ்வொரு கிழங்குக்கும் கத்தியைச் சுத்தம் செய்துகொள்ளவும்.

கடைசியாக ஒன்று, பலரும் செய்யாதது. வயல் முழுக்கப் போட்டுவிட்டால், பலன் பாக்டீரியாவால் வந்ததா, அந்தப் பருவம் நன்றாக இருந்ததா என்று சொல்லவே முடியாது. வயலின் வெவ்வேறு இடங்களில் நாலைந்து பாரை மட்டும் போடாமல் விட்டு, முளைக்குச்சி அடித்து அடையாளம் வைத்துக்கொள்ளவும். ஓரப் பாரை எடுக்க வேண்டாம், ஓரத்துச் செடி எப்போதும் வேறு மாதிரிதான் வளரும். அறுவடையில் போட்ட பாரிலிருந்தும் போடாத பாரிலிருந்தும் தலா நூறு கிழங்கைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கழுவி, சொறியோ பொருக்கோ உள்ளவற்றை எண்ணிப் பார்க்கவும். எடையையும் தனித்தனியாகப் போட்டு எழுதி வைக்கவும். இரண்டு மூன்று பட்டம் இப்படி எழுதிவைத்தால் உங்கள் மண்ணில் அந்த ரகம் தங்குகிறதா என்பது தெரிந்துவிடும். தங்கவில்லை என்றால் அடுத்த பட்டத்தில் ரகத்தை மாற்றியோ, பேசில்லஸுக்குப் போயோ, அந்தக் காசைத் தரமான விதைக்கிழங்கில் போட்டோ பார்க்கலாம்.